கிற்றாரின் தலையெழுத்து

போன மாதம் என்னுடைய பேஸ் கிற்றாரை விற்கலாம் என்று பேஸ்புக்கில் ஒரு படம் போட்டேன். படம் மட்டும்தான். விலையும் போடவில்லை, விபரமும் போடவில்லை. பத்து நிமிடத்துக்குள் முதல் மெசேஜ் வந்தது.

"அண்ணா, இது ஒறிஜினல் ஃபெண்டரோ?"

கேட்டவன் ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற ஒரு பொடியன். கேட்டதில் பிழையில்லை. படத்தில் கிற்றாரின் தலைப்பகுதி வடிவாகத் தெரிகிறது. அதில் வளைந்த எழுத்தில் ஃபெண்டர் என்று இருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக 'மேட் இன் யூ.எஸ்.ஏ' என்றும் இருக்கிறது. பக்கத்தில் இருந்த எங்கட ட்ரம்மர் என்ர போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஓம் எண்டு போடு மச்சான். உனக்கும் அப்பிடிச் சொல்லித்தானே வித்தவங்கள்."

அந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அதை வாங்கினது 2022 கடைசியில். டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன வருடம் அது. புதுக் கிற்றாருக்குக் கடையில் விலை கேட்கவே பயம். ரியூசன் குடுத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. அப்போதுதான் ஒருவர் 'அமெரிக்கன் ஃபெண்டர் ஜாஸ் பேஸ்' என்று விளம்பரம் போட்டிருந்தார். விலை 1,45,000 ரூபா. போனேன். கதை ஒன்று சொன்னார்: லண்டனில் இருக்கிற மாமா 2004இல் ஊருக்கு வரேக்குள்ள கொண்டுவந்து குடுத்தது, அவசரமாகக் காசு தேவை, இல்லாவிட்டால் விற்கவே மாட்டார். பில் இருக்கிறதா என்று கேட்டேன். "இருவது வருசத்துப் பில்லை ஆர் தம்பி வச்சிருக்கிறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. தலைப்பகுதியில் இருந்த தொடர் இலக்கத்தைப் போனில் அடித்துத் தேடினேன். இசட் என்ற எழுத்து, அடுத்து 3, அதற்குப் பிறகு மிச்ச இலக்கங்கள். இசட் என்றால் அமெரிக்கத் தயாரிப்பு, 2000களின் பத்தாண்டு. 3 என்றால் 2003. மாமா கொண்டுவந்தது 2004. எல்லாம் பொருந்துகிறது! ஏ.எல் முடிவில் இசட் புள்ளி பார்த்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வரவில்லை.

இப்போது யோசித்தால் தெரிகிறது. நான் சோதித்தது கிற்றாரை இல்லை. கிற்றாரில் ஒருவர் எழுதி ஒட்டினதைத்தான் சோதித்தேன். அந்த இலக்கம் சரியான ஒழுங்கில் இருக்கிறது என்று மட்டும்தான் இணையம் சொன்னது. சரியான ஒழுங்கில் இலக்கம் எழுதப் போலி செய்கிறவனுக்கும் தெரியும். விற்பனைக்குப் போட்டிருக்கிற உண்மையான கிற்றார் ஒன்றின் படத்தைப் பார்த்துக் கொப்பி பண்ணினால் போதும்.

ஒரு கோயில் திருவிழா இசை நிகழ்ச்சிக்கு முதல் நாள்தான் குட்டு வெளிப்பட்டது. ஒத்திகையில் கிற்றார் இரைந்துகொண்டே இருந்தது. பழைய ரேடியோ, அம்ப்ளிபயர் திருத்துகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. எந்த நாட்டுக் கிற்றார் பெரிசு, எது சிறிசு என்றும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. அவர் பெயரைப் பார்க்கவில்லை. நேராகப் பொத்தான்கள் இருக்கிற உலோகத் தகட்டின் ஸ்குறூக்களைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"தம்பி, இது எவ்வளவுக்கு எடுத்தனீர்?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்குள்ள கிடக்கிற சாமான் அந்தக் காசுக்குரிய சாமான் இல்லை" என்றார்.

உள்ளே இருந்த வொல்யூம் கொன்ட்ரோல்கள் மலிவு ரேடியோக்களில் வருகிற சின்னச் சைஸ், ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் விட்டம். அமெரிக்க ஃபெண்டரில் வழமையாக இருப்பது 24 மில்லிமீற்றர் அளவில் பெரியது. குழிக்குள் பெயின்ற் படாத இடத்தில் மரம் தெரிந்தது. தாள் தாளாக அடுக்கி ஒட்டின பிளைவூட். நல்ல கிற்றார்களிலும் மரத்தை ஒட்டுவார்கள்தான், ஆனால் இரண்டு மூன்று துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டுவார்கள். கேக் மாதிரி அடுக்க மாட்டார்கள்.

அன்றிரவு வீட்டில் மிச்சத்தை நானே பார்த்தேன். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் இருக்கும். வழமையான ஃபெண்டர் அளவில் நெக் பக்கத்துப் பிக்கப் மற்றதைவிடக் கொஞ்சம் கட்டை. என்னுடையதில் இரண்டும் ஒரே நீளம். பிரிட்ஜில் இருக்கிற சின்ன ஸ்குறூக்கள் மில்லிமீற்றர் சாவிக்குத் திரும்பின. அமெரிக்கத் தயாரிப்பில் அங்குல அளவுச் சாவிதான் வழமை. ரோச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து ஃபெண்டர் என்ற எழுத்தைப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்று தெரிந்தது. வாணிஷுக்கு மேல் பிறகு ஒட்டின ஸ்ரிக்கர்.

ஒரு விசயம் கவனியுங்கள். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்றால் ஆதாரம் இல்லை. கொன்ட்ரோலை யாரும் மாற்றியிருக்கலாம். பிக்கப்பை மாற்றியிருக்கலாம். பிரிட்ஜையும் மாற்றியிருக்கலாம். உண்மையான ஃபெண்டரிலேயே சில மொடல்களில் எழுத்து வாணிஷுக்கு மேல்தான் இருக்கும். ஆனால் ஐந்து சாட்சிகள் ஒரே பக்கம் கையைக் காட்ட, எழுதின பெயர் மட்டும் மற்றப் பக்கம் நின்றால், பொய் சொல்வது எது என்று விளங்கும்தானே.

பழைய பேஸ் கிற்றார் வாங்கப் போகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். சுலபமாக மாற்றக்கூடியது எதுவோ அதைக் கடைசியாக நம்புங்கள். மாற்றக் கஷ்டமானது எதுவோ அதை முதலில் பாருங்கள்.

மிகவும் சுலபமாக மாற்றக்கூடியது பெயர். அடுத்தது தொடர் இலக்கம். 1976க்கு முந்தின பெரும்பாலான ஃபெண்டர்களில் இலக்கம் நெக்கை உடலோடு பூட்டுகிற பின் தகட்டில் இருந்தது. ஒரு ஸ்குறூ ட்றைவர் இருந்தால் அந்தத் தகட்டையே மாற்றிவிடலாம். அதற்குப் பிறகுதான் இலக்கம் தலைப்பகுதிக்கு வந்தது. எழுபதுகளுக்கு எஸ், எண்பதுகளுக்கு ஈ, தொண்ணூறுகளுக்கு என், 2000களுக்கு இசட் என்று எழுத்துகள் வைத்தார்கள். மெக்சிக்கோவில் செய்தால் முன்னால் ஒரு எம் சேர்ந்துகொள்ளும்: எம்.என், எம்.இசட். அந்த ஒரு எழுத்தைச் சுரண்டிவிட்டால் மெக்சிக்கோக் கிற்றாருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைத்துவிடும்! எங்களில் எத்தனை பேர் அதற்காக எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள்.

வடிவத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபெண்டர் தன் முதலாவது எலெக்ட்ரிக் பேஸான பிரிசிஷன் பேஸை 1951இல் கொண்டுவந்தது, ஜாஸ் பேஸை 1960இல். அன்றிலிருந்து அந்த உடல் வடிவங்களை உலகம் முழுக்கக் கொப்பி பண்ணினார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகிய மூன்றின் உடல் வடிவத்துக்கும் வர்த்தகக் குறி உரிமை வேண்டும் என்று ஃபெண்டர் பிறகு அமெரிக்காவில் கேட்டது. 2009இல் அது மறுக்கப்பட்டது. அவ்வளவு காலமாக எல்லோரும் செய்துவந்த வடிவம் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக முடியாது என்பதுதான் சாராம்சம். அதனால் அந்த உடல் வடிவத்தில் யாரும் பேஸ் செய்து தன் பெயரைப் போட்டு விற்கலாம். அது கொப்பி. அடுத்தவனின் பெயரைப் போட்டு விற்றால் அது போலி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மாற்றக் கஷ்டமானவை உள்ளே இருக்கின்றன. நெக்கைக் கழற்றினால் அதன் அடியில் பல காலத்து ஃபெண்டர்களில் திகதி முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். பழைய அமெரிக்கக் கிற்றார்களின் கொன்ட்ரோல் முதுகில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். உதாரணமாக 137 66 12 என்று இருந்தால், 137 என்பது சி.ரி.எஸ் என்ற கம்பனி, 66 என்பது 1966, 12 என்பது அந்த வருடத்தின் 12ஆவது கிழமை. அது கிற்றார் செய்த திகதி இல்லை, அந்தப் பாகம் செய்த திகதி. அந்தப் பாகம் பிறந்தபடியே உள்ளே இருக்கிறது என்றால் கிற்றார் அதைவிட மூத்ததாக இருக்க முடியாது, அவ்வளவுதான். '1962 ஜாஸ் பேஸ்' என்று ஒருவர் சொல்லி, உள்ளே 66 என்று இருந்தால், ஒன்று பாகம் மாற்றப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் கதை மாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு அளவு நாடாவும் உதவும். ஜாஸ், பிரிசிஷன் இரண்டிலும் தந்தியின் அளவு நீளம் 34 அங்குலம். நட்டில் இருந்து 12ஆவது ஃப்ரெட் வரை 17 அங்குலம் இருக்க வேண்டும். ரிக்கன்பெக்கர் 4003 என்று ஒருவர் காட்டினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதன் நெக் உடலுக்குள்ளால் கடைசி வரை ஓடுகிற ஒரே மரம். நான்கு ஸ்குறூ போட்டு நெக்கைப் பூட்டியிருந்தால் அது ரிக்கன்பெக்கர் இல்லை, கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சரி, இவ்வளவும் எப்படிப் பிடிப்பது என்ற கதை. எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நாங்கள் ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறோம்?

எங்களுக்கு ஒரு நாட்டு வரிசை மனதில் இருக்கிறது. அமெரிக்கா மேலே, பிறகு ஜப்பான், பிறகு மெக்சிக்கோ, கொரியா, கடைசியில் இந்தோனேசியா, சீனா. 'சைனா சாமான்' என்று சொல்வதே ஒரு வசவு. இதோடு எங்கட 'வெளிநாட்டுச் சாமான்' மோகமும் சேர்ந்துகொள்கிறது. லண்டன் மாமா கொண்டுவந்தார் என்றால் அது தரச் சான்றிதழ். லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை நிறைய விற்பது இந்தோனேசியக் கிற்றாரும் சீனக் கிற்றாரும்தான் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. மாமா வந்தது லண்டனில் இருந்து, கிற்றார் வந்தது எங்கிருந்து என்று நானும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

இந்த வரிசை எப்படிக் கவிழும் என்பதற்குக் கிற்றார் வரலாறே சாட்சி. எழுபதுகளில் ஜப்பான் கிற்றார்களை அமெரிக்கர்கள் 'கொப்பி' என்றுதான் இளக்காரமாகச் சொன்னார்கள். 1977இல் கிப்சனின் தாய்க் கம்பனியான நோர்லின், ஐபனெஸ் கிற்றார்களை அமெரிக்காவில் விற்ற கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டது. தலைப்பகுதியின் வடிவத்தைக் கொப்பி பண்ணுகிறார்கள் என்பதுதான் முறைப்பாடு. வழக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. அந்த ஐபனெஸ்களைச் செய்துகொடுத்த தொழிற்சாலைகளில் முக்கியமானது மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென்.

ஐந்து வருடத்தில் என்ன நடந்தது? ஜப்பான் கொப்பிகள் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கே சவாலாகிவிட்டதைப் பார்த்து, 1982இல் ஃபெண்டர் ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கியது. கிற்றார் செய்கிற வேலையைக் கொடுத்தது அதே ஃபுஜிகென்னுக்கு. அங்கே செய்த முதலாவது ஸ்குவையர் கிற்றார்களின் இலக்கம் ஜே.வி என்று தொடங்கும். மலிவு வரிசை என்று வந்த அந்த ஜே.வி ஸ்குவையர்களை இன்றைக்கு ஆட்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அமெரிக்க ஃபெண்டருக்கோ 1965இல் சி.பி.எஸ் கம்பனி வாங்கின பிறகு எழுபதுகளில் தரம் விழுந்தது என்ற கெட்ட பெயர். 'மேட் இன் யூ.எஸ்.ஏ' என்பது அந்தக் காலத்துக்கு உத்தரவாதமும் இல்லை.

அப்படியென்றால் நாடு தெரியத் தேவையில்லையா? தேவை. விலை சரியா என்று பார்க்க, பாகம் மாற்ற வேண்டி வந்தால் எந்த அளவு பொருந்தும் என்று தெரிய, பிறகு விற்கும்போது பொய் சொல்லாமல் இருக்க. ஆனால் நாட்டை வைத்துக் கிற்றாரின் சாதியைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. தொடர் இலக்கம் ஐ.சி.எஸ் என்று தொடங்கும் ஸ்குவையர் இந்தோனேசியாவில் செய்தது. யமஹாவின் டி.ஆர்.பி.எக்ஸ் 174உம் அங்கே செய்ததுதான். இரண்டும் தங்கட பெயரோடு, தங்கட நாட்டோடு, நேர்மையாக நிற்கிற கிற்றார்கள். நான் கொடுத்த காசுக்கு இவற்றில் நல்லதாக ஒன்றும் சின்ன அம்ப்ளிபயரும் வாங்கியிருக்கலாம். வாங்காமல் விட்டதற்குக் காரணம், தலையில் ஃபெண்டர் என்று எழுதியிருக்க வேண்டும் என்ற என் ஆசை. என்னை ஏமாற்றினவர் அந்த ஆசைக்குத்தான் ஒரு ஸ்ரிக்கர் அடித்தார்.

ட்ரம்மர் இந்த இடத்தில் குறுக்கிட்டுச் சொல்வான்: "சத்தம் நல்லா இருந்தால் காணாதே? பெயர் என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. உண்மையில் அந்தக் கிற்றாரின் சத்தம் மோசமில்லை. ஐயா உள்ளே தகரத்தாள் ஒட்டி, மண் கம்பியைச் சரியாகப் பற்றவைத்துத் தந்த பிறகு இரைச்சலும் நின்றுவிட்டது. மூன்று வருடம் மேடைகளில் வாசித்திருக்கிறேன். முன்வரிசையில் இருந்த ஒருவரும் எழும்பி வந்து இது பிளைவூட் என்று சொல்லவில்லை.

ஆனால் சத்தம் மட்டும் போதும் என்றால், சத்தத்துக்குரிய விலையைச் சொல்ல வேண்டும். பெயரைக் காட்டி 1,45,000 வாங்கிவிட்டு, பிடிபட்டால் 'பெயர் என்னத்துக்கு' என்று கேட்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. அதோடு, பொய் காசோடு நிற்பதில்லை. ஃபெண்டர் என்று நம்பி அதற்கென்று நெக் ஒன்றோ பிரிட்ஜ் ஒன்றோ எடுப்பித்தால் ஓட்டை பொருந்தாது. நல்ல அமெரிக்கக் கிற்றாரே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, தன் விரலில்தான் பிழை என்று ஒரு பிள்ளை வாசிப்பதையே விட்டுவிடலாம். நான் முதல் ஒரு வருடம் அப்படித்தான் என்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

இன்னொன்றும் சொல்வார்கள்: பழைய கிற்றாரில் எல்லாம் மாறித்தானே இருக்கும், ஒறிஜினல் என்று ஒன்று எங்கே இருக்கிறது? இதற்கு ஒரு உண்மைக் கதை இருக்கிறது.

பீட்டில்ஸின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரத்தில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸ் ஒன்று வாங்கினார். அந்தக் காலத்திலேயே அது பெரிய விலை இல்லை. 1972 ஒக்டோபரில் லண்டன் நொட்டிங் ஹில்லில் ஒரு வானுக்குள் இருந்து அதைக் களவெடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் தகவல் இல்லை. ஹொஃப்னர் கம்பனியில் வேலை செய்த நிக் வாஸ் என்பவரும் இரண்டு ஊடகவியலாளர்களும் சேர்ந்து தேடினார்கள். கடைசியில் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் இருந்து கிடைத்தது. அதுதான் இது என்று ஹொஃப்னர் உறுதிப்படுத்தின செய்தி 2024 பெப்ரவரியில் வெளியானது.

இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. அந்தக் கிற்றார் கடையில் இருந்து வந்தபடி இருக்கவில்லை. 1964இல் அதைத் திருத்தினார்கள். திரும்பப் பெயின்ற் அடித்தார்கள். இரண்டு பிக்கப்பையும் புதிதாக ஒரே சட்டத்தில் பொருத்தினார்கள். அதே காலத்தில் செய்த மற்ற ஹொஃப்னர்களிடம் இருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அந்தத் திருத்த வேலைதான். மாற்றங்கள் அதன் உண்மையைக் கெடுக்கவில்லை. அவைதான் அதன் அங்க அடையாளம்.

ஆகவே பிரச்சினை மாற்றியதில் இல்லை, மறைத்ததில் இருக்கிறது. பல கிற்றார்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு கிற்றார் செய்வதும் பிழை இல்லை. நெக் இதில் இருந்து, உடல் அதில் இருந்து, பிக்கப் புதிது என்று சொல்லி விற்றால் அது ஒரு நல்ல சாமான். சொல்லாமல் விற்றால் அதே சாமான் போலியாகிறது. மரத்திலும் கம்பியிலும் ஒரு வித்தியாசமும் இல்லை, வாயில்தான் வித்தியாசம்.

அந்த ஹொஃப்னர் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. களவு போன சாமானும் கைமாறிக் கைமாறித்தான் வரும். கடைசியில் வைத்திருப்பவருக்கு அது களவு என்று தெரியாமலே இருக்கலாம். அதனால் 'எங்க வாங்கினது, ஆரிட்ட வாங்கினது' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பில் இல்லாவிட்டால் பழைய படம் ஒன்றாவது இருக்கும். பத்து வருடம் கிற்றார் வைத்திருந்தவரிடம் அதோடு எடுத்த ஒரு படம்கூட இல்லை என்றால் யோசியுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் 'ஒறிஜினலோ?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: எந்த நாட்டில், எந்தக் காலத்தில் செய்தது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இதில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள்? நீங்கள் ஆரிட்ட வாங்கினீர்கள்? தகட்டைக் கழற்றி உள்ளே பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு அவர் முகத்தைப் பாருங்கள். நெக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் உரியவரிடம் கேட்டு, தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்குறூவை முதலில் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி, பழைய புரியில் விழுந்த பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் மரம் தின்றுவிடும். கழற்ற விடமாட்டேன் என்று அவர் சொன்னால் அது அவருடைய உரிமை. அப்போது நீங்கள் கொடுக்கிற விலை, பார்க்க முடியாத கிற்றாருக்குரிய விலை. அது உங்கட உரிமை.

இனி விற்கிற பக்கம். ட்ரம்மர் சொன்னது நினைவிருக்கிறதுதானே: உனக்கும் அப்படிச் சொல்லித்தானே விற்றார்கள். அவன் கெட்டவன் இல்லை. நான் இழந்த காசை நான் எடுக்க வேண்டும் என்று என் பக்கம் நின்று சொல்கிறான். ஆனால் அந்தக் காசை எடுப்பது என்னை ஏமாற்றினவரிடம் இருந்து இல்லை. ஏ.எல் எழுதிவிட்டு இருக்கிற ஒரு பொடியனிடம் இருந்து. அவனும் மூன்று வருடம் கழித்து இன்னொருவனிடம் எடுப்பான். முதலில் பொய் சொன்னவர் எப்போதோ லாபத்தோடு போய்விட்டார். மிச்ச எல்லோரும் அவருக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறோம். இந்தச் சங்கிலி ஒருவர் நட்டப்பட்டால்தான் அறும். யாராவது ஒருவர் நட்டப்படத்தான் வேண்டும் என்றால், உண்மை தெரிந்த முதல் ஆள் நான்தானே.

இப்படி எழுதிவிட்டேன் என்பதற்காக என்னைப் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொடியனுக்குப் பதில் போட எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் 1,45,000 என்ற இலக்கம்தான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் தலைப்பகுதியில் இருந்த எழுத்தை நகத்தால் கிளப்பினேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இவ்வளவு காசுக்கு நான் வாங்கினது இவ்வளவு மெல்லிய தாள். பிறகு விளம்பரத்தைத் திருத்தி இப்படி எழுதினேன்:

"பழைய பேஸ் கிற்றார். ஜாஸ் பேஸ் வடிவக் கொப்பி. பெயர் இல்லை, தலையில் ஃபெண்டர் என்று ஒட்டியிருந்தது பொய், எடுத்துவிட்டேன். பிளைவூட் உடல். உள்ளே வயரிங் புதிதாகச் செய்தது, இரைச்சல் இல்லை. நெக் நேராக இருக்கிறது. மூன்று வருடம் நான் மேடையில் வாசித்தது, படங்கள் இருக்கின்றன. கழற்றிப் பார்க்கலாம். 38,000 ரூபா."

ட்ரம்மர் தலையில் அடித்துக்கொண்டான். பொடியன் திரும்ப மெசேஜ் போட்டான். "அப்ப ஒறிஜினல் இல்லையோ அண்ணா" என்று ஒரு அழுகிற முகத்தோடு. இல்லை என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பழகிறதுக்குக் காணுமோ?" என்று கேட்டான்.

காணும் என்று எழுதினேன். சனிக்கிழமை அம்மாவோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஸ்குறூ ட்றைவரை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.